சாகித்திய அகாதெமியின் தலையாய பணி

மொழிக்கும் இலக்கியத்திற்குமென ஒரு நாடு நிறுவும் பேரவையின் கடமை யாது? இவ்வினாவிற்கு எல்லா நாட்டினரும் ஒரே விடை கூறினாரல்லர். 1635-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு அகாதெமி, மொழியை வரையறுப்பதையே தன் முதற்கடனாகக் கொண்டது; அதன் அகராதி 1694-இல் முதன்முதல் வெளிவந்தது. 1954 மார்ச்சுத் திங்களில் தில்லியில் தொடங்கப்பெற்ற சாகித்திய அகாதெமிக்கு அவ்வழி பொருந்தாது. இன்று 24 மொழிகளை ஏற்றுள்ள அவை, அவற்றுள் எதற்கும் சட்டம் வகுக்க முற்படாமை நன்றே.

ஆயின், தமிழுலகில் அதனைப் பற்றி எழும் பேச்சிற் பெரும்பகுதி ஆண்டுப் பரிசைப் பற்றியதேயாம். அப்பரிசின் இயல்பை உணர ஒரு சான்று சாலும். பாரதிதாசன் 1964-இல் மறைந்தார். பரிசு 1969-இல் வந்தது. அதுவும் அவர்தம் புகழுக்கு நிலைக்களனாகிய கவிதைகளுக்கன்று. 'பிசிராந்தையார்' என்னும் நாடகத்திற்கு. குறித்த சில ஆண்டுகளுக்குள் வெளிவந்த நூலுக்கே பரிசு என்னும் விதி, நூலை அளக்குமேயன்றிப் புலவனை அளவாது. பரிசுப் பட்டியலையே இக்கால இலக்கிய வரலாறாகக் கொள்ளும் ஆய்வு மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

அகாதெமியின் தலையாய பணி மொழிபெயர்ப்பே என்பது எம் துணிபு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1957-இல் மலையாளத்திற்குரிய பரிசைப் பெற்றது. அதனைச் சுந்தர ராமசாமி தமிழாக்க, அகாதெமியே வெளியிட்டது. கடலுக்குச் சென்றவன் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது என்னும் மீனவர் நம்பிக்கையே அந்நாவலின் உயிர்நாடி. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாகக் கற்ற நம் மாணவர்க்கு, அத்திணை வாழ்வு அண்டை மொழியில் இந்நூற்றாண்டிற்கு அணித்தே எவ்வாறு உருப்பெற்றது என ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு இதனாற் கிட்டிற்று. இவ்வாக்கம் எளிதன்று. மொழிகள் நெருங்கியிருத்தலே ஈண்டு இடர். மலையாளத்திற் 'சம்சாரம்' பேச்சைக் குறிக்கும். தமிழ் வழக்கில் மனைவியைக் குறிக்கும். இத்தகைய சொற்கள் அடிதோறும் காத்திருக்கும். தாராசங்கர் பந்தோபாத்தியாயரின் வங்க நாவலாகிய 'ஆரோக்கிய நிகேதன'த்தைத் த. நா. குமாரசாமி தமிழாக்கியதும் அகாதெமியின் பணியாலேயாம்.

எதிர்த் திசையில் சென்றதற்கு மு. வரதராசனாரின் 'தமிழ் இலக்கிய வரலாறு' சான்று. அகாதெமிக்கென எழுதப்பெற்று 1972-இல் வெளிவந்த அந்நூல், பிறமொழியாளரையும் உளங்கொண்டது. காலக் கணிப்புப் பூசல்களில் நெடிது தங்காமல், திணை மரபும் பக்தி இயக்கமும் எத்தகையன என்று அயலார்க்கு விளக்கும் போக்கு அதனால் விளைந்தது. சிலர் இதனை ஆழமின்மை என்பர். எமக்கு அது நோக்கத்தின் வேறுபாடாகவே தோன்றுகின்றது.

இத்துணைச் சிறப்புடைய மொழிபெயர்ப்புக்கெனத் தனிப்பரிசு 1989-இல்தான் ஏற்பட்டது. அகாதெமி தோன்றி 35 ஆண்டுகள் கழிந்த பின்னர். 'செம்மீனை'த் தமிழுக்குத் தந்த சுந்தர ராமசாமி 2005-இல் மறையுங்காறும் அகாதெமியின் ஆண்டுப் பரிசு பெற்றிலர்.