எஸ்க்யூஎல் பேக்கேஜ்: நீக்கிய பின்னும் எஞ்சுபவை

எஸ்க்யூஎல் பேக்கேஜ் என்பது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் உள்ள ஒரு தரவுத்தளத்தைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுத்து, வேறொரு சர்வரில் மீண்டும் அமைக்க உதவும் கட்டளை வரிக் கருவி ஆகும். இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். கருவியின் திறனில் பெரிய குறை சொல்வதற்கில்லை. அதை நிறுவவும் நீக்கவும் சொல்லித்தரும் வழிகாட்டிகளில்தான் குறை இருக்கிறது.

இக்கருவி எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. ஹூண்டாய் 1998இலும் ரெனோ-நிசான் 2010இலும் உற்பத்தியைத் தொடங்கியபின், உதிரிபாகம் செய்து தரும் சிறிய, நடுத்தர ஆலைகள் இங்கே பெருகின. இத்தகைய ஆலைகளின் வருகைப்பதிவு, சம்பளம், சரக்கிருப்பு மென்பொருள்கள் எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் இயங்குவதுண்டு. அப்பதிப்பில், 2022 வெளியீடு வரை, ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. பதிவுகள் சேர்ந்து வரம்பு நெருங்கும்போது தரவை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். ஆலையில் கணினி பார்க்கும் ஒரே ஆள் அப்போதுதான் இக்கருவியைத் தேடுவார்.

நிறுவுவது எளிது. டாட்நெட் எஸ்டிகே இருந்தால் 'டாட்நெட் டூல் இன்ஸ்டால்' என்று தொடங்கும் ஒரே வரி போதும். கருவியின் பெயருக்கு முன் 'குளோபல்' என்று சேர்க்க வேண்டும். முதல் தவறான புரிதல் இந்தச் சொல்லில் பிறக்கிறது. இங்கே 'குளோபல்' என்றால் கணினி முழுவதற்கும் என்று பொருளல்ல. அந்தப் பயனருக்கு எந்தக் கோப்புறையிலிருந்தும் கிடைக்கும் என்பதே பொருள். காலை ஷிப்டில் ஒருவரும் இரவு ஷிப்டில் ஒருவரும் தனித்தனிக் கணக்கில் நிறுவியிருந்தால் பிரதிகள் இரண்டு. ஒருவர் 'அன்இன்ஸ்டால்' கட்டளை கொடுத்தால் மற்றவருடையது அப்படியே இருக்கும். முன்பு எம்எஸ்ஐ நிறுவி வழியாக வந்த பிரதி இருந்தால் அதையும் இக்கட்டளை தொடாது. எஸ்டிகேயும் தங்கிவிடும்.

அடுத்தது கருவியின் சொந்தப் பெயரிடல். 'எக்ஸ்ட்ராக்ட்' செயல் இயல்பாகத் தரவுத்தளத்தின் கட்டமைப்பை மட்டுமே டாக்பேக் கோப்பாகத் தரும். உள்ளிருக்கும் பதிவுகளும் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' செய்து பேக்பேக் கோப்பு எடுக்க வேண்டும், அல்லது எக்ஸ்ட்ராக்டுக்குத் தனி விருப்பம் கொடுக்க வேண்டும். 'பிரித்தெடு' என்றதும் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிப் பழைய சர்வரை அழித்தவருக்கு, புதிய சர்வரில் அட்டவணைகள் இருக்கும், ஒரு பதிவுகூட இருக்காது. இவ்வளவு முக்கியமான வேறுபாட்டைக் கருவி திரையில் உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

கடவுச்சொல் இன்னொரு சிக்கல். அதைக் கட்டளையிலேயே தட்டச்சு செய்தால் பவர்ஷெல் தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். புதிய பதிப்புகள் 'பாஸ்வேர்ட்' போன்ற சொற்கள் உள்ள வரிகளைக் கோப்பில் சேர்ப்பதில்லை. ஆனால் எஸ்க்யூஎல் பேக்கேஜில் கடவுச்சொல்லுக்கு 'எஸ்பி' என்ற குறுக்கமும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. இரவில் தானாக ஓடட்டும் என்று எழுதி வைத்த பேட்ச் கோப்பிலோ கடவுச்சொல் வெளிப்படையாகவே கிடக்கும். கருவியை நீக்குவதால் இவற்றில் எதுவும் அழியாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது பேக்பேக் கோப்பு. பெயர்தான் புதிது, அது ஒரு ஜிப் கோப்பு. நீட்டிப்பை மாற்றித் திறந்தால் ஒவ்வோர் அட்டவணையின் தரவும் உள்ளே இருக்கும். கோப்புக்குக் கடவுச்சொல் இல்லை, மறையாக்கமும் இல்லை. சம்பளத் தரவுத்தளம் என்றால் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் வரை அதில் இருக்கக்கூடும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே வேலை செய்து, ஊர் திரும்பியவரின் விவரம் அந்தக் கோப்பில் இருப்பது அவருக்கே தெரியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவைக் காக்கவும் தேவை முடிந்ததும் அழிக்கவும் நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கிறது. காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

ஆனால் பெரும்பாலான வழிகாட்டிகளில் நீக்கல் என்பது கடைசியில் வரும் ஒற்றை வரி. அந்த வரிக்கு முன்பே செய்ய வேண்டியவை இவை: டாக்பேக், பேக்பேக் கோப்புகளைப் பென் டிரைவ் உட்பட எல்லா இடத்திலும் தேடுவது, புதிய சர்வரில் பதிவுகளை எண்ணிச் சரிபார்த்தபின் அவற்றை அழிப்பது, பேட்ச் கோப்பையும் வரலாற்றுக் கோப்பையும் திறந்து பார்ப்பது, தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றுவது, ஒவ்வொரு பயனர் கணக்கிலும் கருவி இருக்கிறதா என்று பார்ப்பது. அன்இன்ஸ்டால் கட்டளை அதன் பிறகு வரட்டும். அது தவறிப்போய்க் கருவி மட்டும் கணினியில் தங்கிவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை.