பந்தலின் வெண்பூச்சி

பாகலும் புடலையும் படர்ந்த பந்தலின் கீழே நடக்கையில், இலையின் அடிப்புறத்திலிருந்து வெடுக்கென எழுந்து, சிறிது தூரம் பறந்து, மறுபடியும் ஓர் இலைக்கடியில் ஒண்டிக்கொள்ளும் அந்தச் சிறிய வெள்ளை அந்துப்பூச்சியின் பேரினத்துக்கு, ஒளி ஊடுருவுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'டயபானியா' என்று நாமகரணம் செய்தவருடைய ரசனையை நான் மெச்சாமல் இருக்க முடியவில்லை. சிறகு விரித்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம்; நடுவெல்லாம் முத்தின் மினுமினுப்பு, ஓரத்திலே அகன்ற கரும்பழுப்புக் கரை. ஆனால் சௌந்தரியத்தின் சிகரம் சிறகிலே இல்லை, வாலிலே இருக்கிறது: உடலின் நுனியில் குஞ்சம்போல் அமைந்த இளம்பழுப்பு மயிர்க்கொத்தை, இரவில் துணையை அழைக்கும் பெண்பூச்சி ஒரு புஷ்பம் மலர்வதுபோல் விரித்து, தன் மணத்தைக் காற்றில் பரப்புகிறது.

1851-ல் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை வர்ணித்துப் பெயரிட்ட பின்னர், கிளிபோடெஸ், மார்கரோனியா, பால்பிட்டா என்று சாஸ்திரக்காரர்கள் இதைப் பேரினம் பேரினமாகக் குடியேற்றினார்கள். குடும்பமும் பைராலிடே என்பதிலிருந்து கிராம்பிடே ஆயிற்று. எனினும் 'இண்டிகா' என்ற சிற்றினப் பெயர் மட்டும் இத்தனை இடமாற்றத்திலும் கூடவே வந்திருப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இதன் புழு வெள்ளரி வகைப் பயிர்களுக்குச் சத்துரு என்பது மெய்தான். குடியானவரின் கோபமும் நியாயமானதே. ஆனால் இலையைப் பட்டிழையால் சுருட்டிக்கொண்டு உள்ளே கிடக்கும் அந்தப் பச்சைப் புழுவின் முதுகிலும், தேர்ந்த கையொன்று இழுத்தாற்போல், இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன.