மல்ரோனிக்கு ஓர் அரைமனதுப் பாராட்டு

கனடாவின் முன்னாள் பிரதமர் பிரையன் மல்ரோனி 2024 பெப்ரவரி 29ஆம் திகதி காலமானார். அடுத்த சில வாரங்களில் நம்மவர் எழுதிய அஞ்சலிகள் சிலவற்றை வாசித்தேன். நானும் ஒன்றை எழுதி, ஸ்காபரோவில் ஒரு சிறு கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள். அண்மையில் அந்தத் தாள்கள் கையில் அகப்பட்டன. படித்துப் பார்த்தால், அது நல்ல அஞ்சலி அல்ல. ஏன் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் லிபரல்காரன். 1993 தேர்தலில் எனக்கு வாக்குரிமை இருக்கவில்லை. இருந்தும் லிபரல் வேட்பாளரின் பதாகைகளை வீட்டு முற்றங்களில் நட்டுத் திரிந்தேன். மல்ரோனி விட்டுச்சென்ற கொன்சவேட்டிவ் கட்சி வெறும் 2 ஆசனங்களுக்குச் சுருங்கிய இரவில் கொத்துரொட்டி வாங்கிக் கொண்டாடினோம். அவர் கொண்டுவந்த ஜிஎஸ்டி வரியைத் திட்டாத வீடு அன்று எங்கள் தெருவில் இல்லை. அதை ஒழிப்பதாகச் சொல்லி வந்த எங்கள் கட்சி கடைசிவரை ஒழிக்கவில்லை என்பது வேறு கதை.

நான் வாசித்த அஞ்சலிகள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கின: 1986 ஓகஸ்ட். நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது. அஞ்சலிகளில் கதை இத்துடன் முடிகிறது. என்னுடையதிலும்.

நாங்கள் விட்டுவிட்டது என்ன? வந்தவர்கள் முதலில் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் ஏறியவர்கள் என்பது சில நாட்களில் தெரிந்துவிட்டது. ஊராரின் இரக்கம் கோபமாக மாறியது. ஜேர்மனியில் பாதுகாப்பாக இருந்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். மல்ரோனி தம் முடிவை மாற்றவில்லை. குற்றம் காண முடியாத அகதிக்கு எவரும் இரங்கலாம். பொய் சொல்லிப் பிடிபட்ட அகதியை வைத்துக்கொள்வதற்கு, சொந்தக் கட்சியின் வாக்காளரையே பகைக்கத் துணிய வேண்டும். நம் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் பொய்யை என் அஞ்சலியில் மறைத்தேன். அதனால் மல்ரோனியின் செயலும் ஒரு நல்ல மனிதரின் சாதாரண இரக்கமாகச் சிறுத்துப்போனது.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. 1987 ஜூலையில் இன்னொரு கப்பல் நோவா ஸ்கோஷியாக் கரையில் 174 பேரை இறக்கிவிட்டுப் போனது. பெரும்பாலும் சீக்கியர்கள். அதே மல்ரோனி கோடை விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டினார். கப்பல்களைக் கடலிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் கேட்டு அவரது அரசு சட்டமூலம் கொண்டுவந்தது. நம் படகுக்கும் அந்தக் கப்பலுக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. நான் வாசித்த ஓர் அஞ்சலியிலும் அந்த 174 பேர் இல்லை. நமக்குக் கதவு திறந்தது. பின்னால் வந்தவனுக்கு என்ன நடந்தது என்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நன்றி என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் செய்திருந்தேன். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 தமிழரை ஹார்ப்பர் அரசு தடுப்புக்காவலில் வைத்தது. மல்ரோனியைப் புகழ்ந்துகொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் ஹார்ப்பரை அடித்திருக்கிறேன். எதிர்க்கட்சியில் செத்தவரைப் புகழ்வது பல நேரங்களில் உயிரோடிருப்பவரை அடிக்கத் தடி எடுப்பதற்குத்தான். 1987ஐ மறைத்தால்தான் அந்தத் தடி கைக்கு வசப்படும். சேர்த்துப் பார்த்தால் இருவருக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுகிறது.

கணக்கு அத்துடனும் முடிவதில்லை. அதே அரசு, அதே காலத்தில் நிறைவேற்றிய மற்றொரு சட்டத்தால் 1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை நடைமுறைக்கு வந்தது. 1990இல் நான் வந்து இறங்கியபோது என் கதையைக் கேட்டு, நம்பி, என்னை ஏற்றுக்கொண்டது அந்தச் சபைதான். லிபரல் பதாகை நட்ட கைக்கு இந்த நாட்டில் இடம் கொடுத்தது மல்ரோனி காலத்து ஏற்பாடு. அஞ்சலியில் இதையும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால், கைதட்டலுக்கு முன் என் கட்சி நண்பர்கள் கொஞ்சம் நெளிந்திருப்பார்கள்.

மாற்றானைப் பாராட்டுவது நமக்குப் பழக்கமில்லாத கலை அல்ல. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்து வெண்ணிக் குயத்தியார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவனுடைய வெற்றியில் ஒரு குன்றிமணிகூட அவர் குறைக்கவில்லை. அதை முழுதாகக் கொடுத்துவிட்டு, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட மேலானவன் அல்லவா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்கிறார். இருவர் கணக்கும் ஒரே பாட்டில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

என் அஞ்சலியில் இல்லாதது அந்த நேர்மைதான். மல்ரோனிக்கு நான் வாக்களித்திருக்க மாட்டேன். அதில் இன்றும் மாற்றமில்லை. பொய் வெளிப்பட்ட பிறகும் அந்த 155 பேரை அவர் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே கடலை மூடப் பார்த்தார். மறுபடி ஒரு கூட்டத்தில் வாசிக்கக் கேட்டால், இந்த மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தொடங்குவேன்.