நம்மவருக்கே வாக்கு: ஓர் அளவுகோலின் எல்லைகள்

முன்னுரை

வாக்காளர் ஒருவர் தம் இனத்தையோ பாலையோ சேர்ந்த வேட்பாளரையே தேர்ந்தெடுக்க வேண்டுமா என்னும் வினா மலேசிய இந்தியரிடையே தேர்தல்தோறும் எழுகின்றது. 'நம்மவருக்கு நாமே வாக்களிக்காவிட்டால் வேறு யார் வாக்களிப்பர்?' என்று கேட்போரின் வாதத்தை வெறும் உணர்ச்சி எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அதன் பின்னுள்ள ஏக்கம் உண்மையானது. இக்கட்டுரை அவ்வாதத்தைச் செலாயாங்கிலும் அதனை அடுத்துள்ள தொகுதிகளிலும் நிகழ்ந்த தேர்தல்களைக் கொண்டு மதிப்பிட முற்படுகின்றது.

வாதத்தின் வலிமை

பிரதிநிதித்துவம் பற்றி 1967இல் வெளிவந்த தம் நூலில் ஹன்னா பிட்கின், மக்களை ஒத்திருத்தல் வேறு, மக்கள் பொருட்டுச் செயற்படுதல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். ஒத்திருப்பவர் நமக்காகச் செயற்படுவார் என்பதற்கு உறுதி இல்லை என்பது இப்பிரிப்பின் பயன். பின்வந்த ஆன் பிலிப்ஸ் (1995), அவையில் ஒருவர் இருத்தலே அரசியற் பொருளுடையது என வாதிட்டார். ஜேன் மேன்ஸ்பிரிட்ஜ் (1999) இரண்டையும் எடைபோட்டு, 'சில சூழல்களில் ஆம்' என்னும் நிபந்தனையோடு கூடிய விடையைத் தந்தார். ஒரு சமூகத்திற்கும் ஆட்சிக்கும் இடையே நீண்டகால நம்பிக்கையின்மை நிலவும்போதும், ஒரு சிக்கல் இன்னும் தெளிவான கோரிக்கையாக வடிவம் பெறாதபோதும் தன்னினத்தாரின் இருப்பு பயனளிக்கும் என்பது அவர் கருத்து.

இவ்விரு சூழல்களும் நமக்கு அந்நியமல்ல. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பத்தின் நிலையையும், பிறப்புப் பத்திரமின்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் நிலையையும் உள்ளிருந்து அறிந்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே, 'நம்மவர் ஒருவர் வேண்டும்' என்னும் எதிர்பார்ப்பு நியாயமானதே. அவ்வெதிர்பார்ப்பை வாக்குச்சீட்டின் ஒரே அளவுகோலாக்கலாமா என்பதே ஆராயத்தக்கது.

உலு சிலாங்கூர் தரும் சான்று

செலாயாங்கில் 2008 முதல் 2022 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் வில்லியம் லியோங் வென்றார். இங்குள்ள இந்திய வாக்காளர், தம் இனத்தவரல்லாத ஒருவரையே நாடாளுமன்றப் பிரதிநிதியாகக் கொண்டு வந்துள்ளனர். வடக்கே அடுத்துள்ள உலு சிலாங்கூரின் வரலாறோ வேறுபட்டது. அங்கு ம.இ.கா.வின் ஜி. பழனிவேல் 1990 முதல் 2008 வரை உறுப்பினராக இருந்தார். 2010 இடைத்தேர்தலில் அக்கட்சியின் பி. கமலநாதன், மலாய்க்காரரான சைட் இப்ராகிமை 1,725 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அத்தொகுதியில் மலாய் வாக்காளரே பெரும்பான்மையினர்.

இதே மண்ணில் பின்னர் நடந்த மூன்று தேர்தல்கள் நம் அளவுகோலைச் சோதிக்கப் போதுமானவை. 2018இல் கமலநாதனை ஜூன் லியோ என்னும் சீனப் பெண்மணி தோற்கடித்தார். அங்கு வாக்களித்த இந்தியப் பெண் ஒருவரை இனம் ஒரு வேட்பாளர்பாலும், பால் மற்றொருவர்பாலும் ஈர்த்திருக்கும். 2022இல் நம்பிக்கைக் கூட்டணி சத்திய பிரகாஷையும் தேசிய முன்னணி டி. மோகனையும் நிறுத்தின. இருவரும் இந்தியர், வென்றவர் பாஸ் கட்சியின் ஹஸ்னிசான் ஹருண். 2024 மே 11இல் இத்தொகுதிக்குட்பட்ட கோலகுபு பாரு சட்டமன்றத்திற்கு இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளருள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் இந்தியர். வேட்பாளர் நால்வருள் இந்தியர் எவருமிலர். பெண்களோ ஒருவருக்கு மேற்பட்டோர். ஜ.செ.க.வின் பாங் சோக் தாவ் 3,869 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார்.

ஆக, தன்னினம், தன்பால் என்னும் அளவுகோல்கள் 2018இல் ஒன்றையொன்று மறுத்தன. இன அளவுகோல் 2022இல் இரு விடைகள் தந்தது; 2024இல் விடையே தரவில்லை. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கைவிடும் அளவுகோலை அறநெறி எனக் கொள்ளுதல் பொருந்தாது. கோலகுபு பாருவில் ஆளுங்கூட்டணியைப் புறக்கணிக்குமாறு பேராசிரியர் பி. இராமசாமி உள்ளிட்டோர் இந்தியரை வேண்டினர். அவ்வேண்டுகோளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. எனினும் அது ஆட்சியின் செயலை மதிப்பிட்டு எழுந்த வேண்டுகோளேயன்றி, வேட்பாளரின் இனத்தை மட்டும் நோக்கியதன்று என்பது குறிப்பிடத்தக்கது.

சிறுபான்மையின் கணக்கு

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். 222 நாடாளுமன்றத் தொகுதிகளுள் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. எல்லா இனத்தவரும் தத்தம் இனத்தவருக்கே வாக்களிப்பர் எனின், முதலில் இல்லாமற்போவது இந்தியரின் குரலே. செலாயாங்கின் மறுபுறம் உள்ள பத்து தொகுதியில், 2018இல் தியான் சுவாவின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டதும், 22 வயதுச் சுயேச்சை வேட்பாளர் பி. பிரபாகரன் நம்பிக்கைக் கூட்டணியின் ஆதரவோடு வென்றார். பினாங்கின் பத்து காவானில் கஸ்தூரி பட்டு 2013இலும் 2018இலும் வென்றார். பிற இனத்தவர் வாக்கின்றி இவ்வெற்றிகள் இல்லை.

பிற இனத்தவர் இன உணர்வைக் கடந்துவிட்டனர் என்பது இதன் பொருளன்று. அவர்களுட் பலர் கட்சிக்கே வாக்களித்தனர் எனலாம். ஆயின் அவ்வுண்மையே நமக்கு வழிகாட்டுகின்றது. ஓர் இந்தியரோ ஒரு பெண்ணோ அவைக்குச் செல்வது பெரிதும் வேட்பாளரைக் கட்சி தெரிவு செய்யும் கட்டத்திலேயே முடிவாகின்றது. 2022 பொதுத்தேர்தலுக்குப் பின்னும் மக்களவையில் பெண்கள் 15 விழுக்காட்டை எட்டாமைக்குப் பெண் வாக்காளரைக் குறைகூறுதல் தகாது. அவர்கள்முன் வைக்கப்பட்ட பெயர்களே குறைவு. உள்ளாட்சியிலோ வாக்குச்சீட்டே இல்லை. அத்தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டபின் செலாயாங் நகராண்மைக் கழக உறுப்பினர் நியமனம் பெறுபவரே. இருப்புக்கான கோரிக்கையைக் கட்சித் தலைமையிடமும் நியமிப்போரிடமும் ஆண்டு முழுதும் வைத்தல் வேண்டும். அதனை வாக்களிப்பு நாளன்று வாக்காளர் தலையில் மட்டும் சுமத்துவது, கேட்க வேண்டியவரைக் கேளாமல் விடுவதாகும்.

முடிவுரை

பரிமேலழகர் உரைவழி நாம் பயிலும் திருக்குறள் வைப்புமுறையில் தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம், தெரிந்து வினையாடல் 52, சுற்றந்தழால் 53. சுற்றம் விலக்கப்படவில்லை, ஆராய்ச்சிக்குப் பின் வைக்கப்பட்டுள்ளது. அன்பு ஒன்றையே பற்றி ஒருவரைத் தெளிதல் பேதைமை தரும் என்பதும் அங்கேயே கூறப்படுகின்றது. மன்னனுக்குச் சொல்லப்பட்ட இம்முறை, மக்களாட்சியில் மன்னனின் இடத்தில் நிற்கும் வாக்காளருக்கும் பொருந்தும். தகுதியும் கொள்கையும் ஒத்த இருவரிடையே நம்மவரைத் தேர்வது குற்றமன்று. ஆராயுமுன் தேர்வதே குற்றம்.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதினர் வாக்குரிமை பெற்றுள்ளனர். ஆறாம் படிவத்திலும் பல்கலைக்கழகத்திலும் நம் முன் அமர்ந்திருப்போர் இன்று வாக்காளர்கள். திருக்குறளைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பிக்காமல், அதன் அளவுகோலால் ஒரு வேட்பாளரை ஆராயப் பழக்குவது தமிழாசிரியரின் பணியாகும். யாருக்கு வாக்களிப்பது என்று சொல்லித் தருதல் நம் வேலையன்று, 'இவர் நம்மவரா?' என்னும் வினாவோடு நின்றுவிடாமல், 'இவர் நமக்காக என்ன செய்தார், என்ன செய்வார்?' என்று கேட்கப் பழக்குவதே நம் வேலை.