ஒரே கன்சோல் என்னும் பந்தயம்

2023 ஜூன் 22 அன்று ஃபைனல் ஃபேன்டசி 16 என்ற வீடியோ விளையாட்டு வெளியானது. அன்றைக்கு பிளேஸ்டேஷன் 5 தவிர வேறெதிலும் அதை ஆட முடியாது. ஒரே வாரத்தில் 30 லட்சம் பிரதிகளைத் தாண்டியதாக ஸ்கொயர் எனிக்ஸ் அறிவித்தது. வேறொரு நிறுவனத்துக்கு அது கொண்டாட்டம். இந்த நிறுவனத்தின் லாபக் கணக்குக்கு அது போதவில்லை. மறுவருடம் பிப்ரவரி 29இல் அதே கன்சோலுக்கு மட்டும் ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த் வந்தது. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் வெளியான வாரங்களில் விற்பனைக் கணக்கு எதையும் நிறுவனம் வெளியிடவில்லை. 2024 மே மாதம் வந்த மூன்றாண்டுத் திட்டத்தில், இனிப் பெரிய விளையாட்டுகளை நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி என எல்லாப் பக்கமும் கொண்டுபோவோம் என்று எழுதிவைத்தது.

இதை வைத்து, ஒரே கன்சோலுக்கு மட்டும் என்கிற 'எக்ஸ்க்ளூசிவ்' முறை செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதலாம். ஆனால் ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) என்கிற வகையை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்ததும் அதே முறைதான். முறையைக் குற்றம் சொல்லுமுன், அது எப்போது பலித்தது, எப்போது காலை வாரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வகையின் இயல்பிலிருந்து தொடங்குவோம். ஒரு ஜப்பானிய ஆர்பிஜியை முடிக்க 50 மணி நேரம் ஆகும், சிலவற்றுக்கு 100. கதை, கதாபாத்திரங்கள், ஊர் ஊராகப் போவது, மெல்ல மெல்லப் பலம் சேர்ப்பது என்று நாவல் படிப்பதற்கு நெருக்கமான அனுபவம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டை, நண்பர்கள் ஆடுகிறார்கள் என்பதற்காக வாங்குகிறவர்கள் உண்டு. ஆர்பிஜியைப் பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுகிறோம். அதை வாங்குகிறவர் முந்தைய பாகத்தை முடித்து, அந்தப் பெயர்மேல் நம்பிக்கை வைத்தவர். ஆகவே இங்கே கன்சோலைத் தேர்ந்தெடுப்பது எத்தனை பேருக்கு விற்கலாம் என்பதோடு நிற்பதில்லை. யாருக்கு விற்கலாம், அடுத்த பாகத்துக்கு அவர்களில் யார் மிஞ்சுவார்கள் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது. விற்பனை அலசல்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. மற்ற இரண்டும்தான் முக்கியம்.

பலித்த கதைகளில் பெரியது ஃபைனல் ஃபேன்டசி 7. முதல் ஆறு பாகங்களும் நின்டெண்டோவின் கன்சோல்களில் வந்தவை. ஏழாவதை பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஸ்கொயர் (பின்னாளில் ஸ்கொயர் எனிக்ஸ்) 1996இல் அறிவித்தபோது அது ஒரு கட்சித்தாவல் போலவே பார்க்கப்பட்டது. காரணம் எளிமையானது. நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் உச்சக் கொள்ளளவே 64 மெகாபைட். ஒரு சிடியில் 650 மெகாபைட் அடங்கும். தொடரைப் படைத்த ஹிரோனோபு சகாகுச்சியின் குழு நினைத்த வீடியோக் காட்சிகளுக்கு அப்படி மூன்று சிடிகள் தேவைப்பட்டன. விலையையும் பாருங்கள்: சூப்பர் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜாக 1994இல் வந்த ஆறாம் பாகம் 11,400 யென், 1997 ஜனவரியில் சிடியாக வந்த ஏழாம் பாகம் 6,800 யென். ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. பெரிய விளையாட்டு, குறைந்த விலை, மேற்குலகில் சோனியே முன்நின்று செய்த விளம்பரம் மூன்றும் சேர்ந்தன. முதல் பிளேஸ்டேஷனில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. அதுவரை ஜப்பானிய ஆர்பிஜியைத் தொட்டே பார்க்காத அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். இங்கே கன்சோலே விளையாட்டின் உருவத்தைத் தீர்மானித்தது. விற்பனை அதைத் தொடர்ந்து வந்தது.

டிராகன் குவெஸ்ட் இதற்கு நேரெதிர் வழியில் போய் வென்றது. அதைப் படைத்த யூஜி ஹோரீயின் கொள்கை எல்லோரும் அறிந்தது: எந்தக் கன்சோல் அதிகம் பேரிடம் இருக்கிறதோ அதில்தான் அடுத்த பாகம். ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2 என்று கூட்டம் போன திசையிலேயே அது போனது. 2006 டிசம்பரில் ஒன்பதாம் பாகம் நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்கு என்று அறிவித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். எட்டாம் பாகம் டிவி முழுக்க விரிந்த பரந்த உலகம். அதற்கடுத்து உள்ளங்கைத் திரையா என்றார்கள். ஆனால் 2009 ஜூலையில் விளையாட்டு வந்தபோது ஜப்பானில் இரண்டரைக் கோடிக்கும் மேல் டிஎஸ்கள் இருந்தன. பிளேஸ்டேஷன் 3 அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டே நாளில் 20 லட்சத்தைத் தாண்டி, ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

எண்ணிக்கை மட்டுமே இதற்குக் காரணம் என்றால் பாதிதான் உண்மை. டிஎஸ்ஸை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், எதிரே வருகிறவரின் பைக்குள் இருக்கும் டிஎஸ்ஸோடு அது தானாகத் தொடர்புகொள்ளும். புதையல் வரைபடங்கள் கைமாறும். ஒரு வரைபடத்தில், குறிப்பிட்ட ஒரு தளத்தில் மெட்டல் கிங் ஸ்லைம்கள் மட்டுமே வரும். அவற்றை வீழ்த்தினால் அனுபவப் புள்ளிகள் கொட்டும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கண்டெடுத்த அந்த வரைபடம் பைக்குப் பை தாவி நாடெங்கும் பரவியது. டோக்கியோவின் அகிஹபாராவில் இதற்காகவே ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். முடித்த கையோடு பழைய கடையில் போட்டுவிடுகிற வழக்கத்துக்கு இது ஒரு தடை. வாங்காதவருக்கோ தினமும் ஒரு தூண்டில். டிவியோடு கட்டிப்போட்ட கன்சோலில் இப்படியொரு விற்பனை நடந்திருக்காது.

மூன்றாவது நன்மை, கன்சோல் உற்பத்தியாளரே புரவலராக நிற்பது. மோனோலித் சாஃப்ட் உருவாக்கிய ஸெனோபிளேட் 2010இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்தது. வட அமெரிக்காவில் அதை வெளியிட நின்டெண்டோ முதலில் அக்கறை காட்டவில்லை. 'ஆபரேஷன் ரெயின்ஃபால்' என்ற ரசிகர் இயக்கம் குரல் கொடுத்த பிறகு 2012 ஏப்ரலில்தான் அங்கே கிடைத்தது. 2015இல் வந்த ஸெனோபிளேட் எக்ஸ், தோற்றுப்போன வீ யூவில் மாட்டிக்கொண்டது. அந்தக் கன்சோலே மொத்தம் 1.35 கோடிதான் விற்றது. சாதாரணப் பதிப்பகம் என்றால் அங்கேயே கதையை முடித்திருக்கும். நின்டெண்டோ கைவிடவில்லை. 2017 டிசம்பரில் ஸ்விட்சுக்கு வந்த இரண்டாம் பாகம் 20 லட்சத்தைத் தாண்டியது. அதே நிறுவனம், அதே பாணி, அதே நீளம். மாறியது அடியில் இருந்த கருவி. கன்சோலின் பலம் விளையாட்டின் விற்பனையை எவ்வளவு தூக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. உற்பத்தியாளரின் பொறுமைக்கும் அதுவே சான்று.

இனி மறுபக்கம். பணத்தால் விளையாட்டை வாங்கலாம், ரசிகரை வாங்க முடியாது என்பதை எக்ஸ்பாக்ஸ் 360இன் ஜப்பான் வரலாறு சொல்லும். ஜப்பானியரைக் கவர மைக்ரோசாஃப்ட் செலவுக்கு அஞ்சவில்லை. சகாகுச்சியின் கதை, அகிரா தோரியாமாவின் கதாபாத்திர வடிவமைப்பு, நோபுவோ உவேமட்சுவின் இசை என்று மூன்று ஜாம்பவான்களைச் சேர்த்து 2006 டிசம்பரில் ப்ளூ டிராகனைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு லாஸ்ட் ஒடிசி. 2008இல் நாம்கோவின் டேல்ஸ் ஆஃப் வெஸ்பீரியா. அது வெளியானபோது ஜப்பானியக் கடைகளில் எக்ஸ்பாக்ஸே தட்டுப்பாடானது உண்மைதான். ஆனால் கன்சோலின் மொத்த ஆயுளில் அந்நாட்டில் விற்றது சுமார் 16 லட்சம். ஆர்பிஜி ரசிகர் ஒரு விளையாட்டுக்காக ஒரு கன்சோல் வாங்குவதில்லை. அதில் அடுத்தடுத்து நாலைந்து தொடர்கள் வருமா என்று பார்த்துத்தான் வாங்குகிறார். அந்த உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்டால் தர முடியவில்லை. ப்ளூ டிராகனின் அடுத்த விளையாட்டுகளே டிஎஸ்ஸுக்குப் போய்விட்டன.

வெஸ்பீரியாவின் அடுத்த அத்தியாயம் இன்னும் கசப்பு. ஓராண்டு கழித்து 2009 செப்டம்பரில் அது ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3க்கு வந்தது, புதிய கதாபாத்திரத்தோடும் கூடுதல் உள்ளடக்கத்தோடும். முதலில் நம்பி வாங்கியவரிடம் இருந்தது குறைப்பதிப்பாகிவிட்டது. மேற்குலக ரசிகருக்கோ அந்த முழுப்பதிப்பு 2019 ஜனவரி வரை அதிகாரபூர்வமாகக் கிடைக்கவே இல்லை. 'சில மாதங்களுக்கு மட்டும்' என்கிற தற்காலிக எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. அடுத்த முறை ஒரு விளையாட்டு வரும்போது ரசிகர் முதல் நாளே வாங்க மாட்டார்; எப்படியும் நிறைவான பதிப்பு பின்னால் வரும் என்று காத்திருப்பார். முதல் மாத விற்பனையை நம்பி வாழும் பெரும்பொருட்செலவு விளையாட்டுகளுக்கு இந்தக் காத்திருப்பு நஞ்சு.

இனி ஃபைனல் ஃபேன்டசியின் எண்களுக்கு வருவோம். 2016 நவம்பரில் பதினைந்தாம் பாகம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் வந்தபோது முதல் நாளிலேயே கடைகளுக்குப் போனதும் டிஜிட்டலில் விற்றதுமாக 50 லட்சம். அப்போது உலகில் இருந்த பிளேஸ்டேஷன் 4 சுமார் 5 கோடி. 2020 ஏப்ரலில் 7 ரீமேக் பிளேஸ்டேஷன் 4க்கு மட்டும் வந்தபோது மூன்று நாளில் 35 லட்சம். அன்றைக்கு அந்தக் கன்சோல் 11 கோடி அளவில் இருந்தது. பதினாறாம் பாகம் வந்தபோது பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய 4 கோடி. முதல் வாரம் 30 லட்சம். கன்சோல் எண்ணிக்கையால் விற்பனையை வகுத்துப் பார்த்தால் பதினாறாம் பாகம் தோல்வியே அல்ல. ரீமேக்கைவிட அதன் விகிதம் நன்றாகவே இருக்கிறது. கன்சோல் குறைவாக இருந்ததால் விற்கவில்லை என்ற ஒற்றை வரி விளக்கம் இங்கே நிற்காது. நிறுவனத்தின் சிக்கல், 4 கோடி வீடுகளுக்குள் அடங்கிய சந்தையை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போட்ட செலவுக் கணக்கு.

ரீபர்த் நிலைமை வேறு. அது 7 ரீமேக்கில் தொடங்கிய தொடர்கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை ஆடியவர்களில் பெரும்பகுதியினர் பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள். கதையைத் தொடர வேண்டுமானால் அவர்கள் முதலில் புதிய கன்சோல் வாங்க வேண்டும். பிசிக்கு அது வந்தது ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2025 ஜனவரியில். நாவலின் இரண்டாம் பாகத்தைப் படிக்க வேண்டுமானால் முதலில் புது அலமாரி வாங்குங்கள் என்று சொன்னது போல. இரண்டாம் பாகத்தின் வாசலிலேயே ஆட்கள் குறைந்தால், மூன்றாம் பாகத்துக்கு யார் இருப்பார்கள்? முதல் பாகம் 2026 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸுக்கும் ஸ்விட்ச் 2க்கும் போனது, இந்தக் கேள்விக்கு நிறுவனம் தாமதமாகக் கண்ட விடை.

ஒரே கருவிக்குள் அடைபட்ட தொடர் எங்கே முட்டி நிற்கும் என்பதற்கு மான்ஸ்டர் ஹன்டர் சாட்சி. கறாராகச் சொன்னால் அது அதிரடி வகை. ஆனாலும் உறவு நெருக்கம். 2010 டிசம்பரில் பிஎஸ்பி கையடக்கத்துக்கு வந்த பாகம் ஜப்பானில் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. மேற்குலகுக்குப் போகவே இல்லை. 2018இல் வேர்ல்ட் என்ற பெயரில் பல கருவிகளுக்கும் உலகெங்கும் கொண்டுபோனபோது விற்பனை இரண்டு கோடியைத் தாண்டியது. பெர்சோனா 4 கோல்டன் 2012இல் பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கு வந்து, அந்தக் கருவியோடு சேர்ந்து மங்கியது. எட்டாண்டு கழித்து பிசிக்கான இணையக் கடையான ஸ்டீமில் வந்ததும் ஒரு மாதத்துக்குள் ஐந்து லட்சம் பேர் ஆடினார்கள். அத்தனை பேரும் எட்டு வருடமாக இருந்துகொண்டுதான் இருந்தார்கள். கடைதான் அவர்கள் தெருவில் இல்லை. பெர்சோனாவை உருவாக்கிய அட்லஸ் பாடம் கற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் மெட்டஃபர் ரீஃபன்டாசியோவை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றிலும் ஒரே நாளில் இறக்கி, முதல் நாளே பத்து லட்சத்தைத் தொட்டது.

எல்லாக் கருவிக்கும் கொண்டுபோவது மட்டும் செலவில்லாத வேலையா? இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 13 பிளேஸ்டேஷன் 3இல் ஒரே ப்ளூ-ரேயில் அடங்கியது. எக்ஸ்பாக்ஸ் 360க்கு மூன்று டிவிடிகள் ஆகி, படத் தரமும் குறைந்தது. டிராகன் குவெஸ்ட் 11 ஜப்பானில் பிளேஸ்டேஷன் 4க்கும் 3டிஎஸ்ஸுக்கும் ஒரே நாளில் வந்தது. ஆனால் அவை கிட்டத்தட்ட இரண்டு தனி விளையாட்டுகள், இரட்டை உழைப்பு. அந்த 3டிஎஸ் பதிப்பு ஜப்பானைத் தாண்டவே இல்லை. சிறு நிறுவனத்துக்கு இந்தச் சுமை தாங்காது. ஒரு கருவியை மட்டும் நன்றாக அறிந்து அதன் பலத்தைப் பிழிந்தெடுப்பது அவர்களுக்கு இன்றும் நியாயமான வழி.

ஆகவே என் மதிப்பீடு இதுதான். விளையாட்டின் உருவம் ஒரு கருவியிலிருந்தே பிறக்கிறதென்றால், டிராகன் குவெஸ்ட் 9 போல, ஒரே கன்சோல் சரி. கன்சோல் உற்பத்தியாளரே முழுச் செலவையும் நட்டத்தையும் ஏற்று, தொடரை வளர்க்கும் பொறுமையும் காட்டுகிறார் என்றால், ஸெனோபிளேட் போல, அதுவும் சரி. ஆனால் எண்ணிட்ட தொடராக, ரசிகரைப் பாகம் பாகமாகக் கூட்டிப்போக வேண்டிய விளையாட்டுக்கு, பதிப்பகம் தன் பணத்தைப் போட்டுவிட்டு ஓராண்டுத் தற்காலிக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தவறான பேரம். அதில் கருவியின் தனித்துவமும் கிடைப்பதில்லை, வெளியீட்டு நாளின் சூடும் எல்லோரையும் எட்டுவதில்லை. கையில் வருவது ஒரு முன்பணம். கையைவிட்டுப் போவது அடுத்த பாகத்தின் வாடிக்கையாளர். பதிப்பகத்தின் வரவுசெலவில் முன்பணத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது, போன வாடிக்கையாளருக்கு இல்லை. இந்தத் தவறு இத்தனை ஆண்டு நீடித்ததற்கு அது முக்கியமான காரணம்.