மழை மறைக்கும் காற்று

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் பல ஆலைகள் நின்றன. அத்தகைய நாள்களில், செயற்கைக்கோள் தரும் கடற்காற்றுப் படத்தைப் பார்த்து, "காற்று அடங்கிவிட்டது, ஷிப்டுக்குக் கிளம்பலாம்" என முடிவு செய்யலாமா?

கூடாது. செயற்கைக்கோள் காற்றைக் காண்பதில்லை. கடலில் காற்று எழுப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலைகளையே அளக்கிறது. நமது ஓஷன்சாட்-3 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 2.2 செ.மீ. மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிப்பதால் கடுங்காற்று குறைவாகவும், மென்காற்று மிகையாகவும் தோன்றக்கூடும். ஐரோப்பாவின் மெட்டாப் பயன்படுத்தும் 5.7 செ.மீ. அலைக்கு இப்பாதிப்பு குறைவு.

குறை கருவியில் இல்லை. மழை பெய்த இடங்களைச் சுட்டாமல் படத்தை வெளியிடுவதே குறை. அடைமழை எங்கோ, அங்கேதான் படம் தடுமாறும்!