நடக்கக் கேட்ட லீவு

போன தை மாதம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். காலையில் வாய்க்கால் கரை, சாயங்காலம் வீராணம் ஏரிக்கரை, நடைதான் வேலை. வரப்பெல்லாம் பனி, முற்றித் தலைசாய்ந்த சம்பா. 'என்னா அமைதி!' என்று நண்பர்களுக்கு போட்டோ அனுப்பினேன்.

இந்தக் கரை நமக்குப் புதுசில்லை. 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே இங்கேதான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரைமேல் இருந்தபடி ஏரியைப் பார்க்கிறான். கல்கி நமக்குக் கொடுத்தது அந்த வழிப்போக்கனின் கண். அதற்கு ஊர் ஒரு காட்சி. என் போட்டோக்களும் அந்தக் கண்ணால் எடுத்தவைதான்.

இதே வட்டாரத்தில் இன்னொருவனும் நடக்க ஆசைப்பட்டான்: ஆதனூர் நந்தன். இங்கிருந்து சிதம்பரம் சுமார் 25 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். ஆனால் அவன் பெயரே 'நாளைப்போவார்' ஆகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழாரிடம் அவனைத் தடுப்பது பிறப்பை எண்ணி அவனே கொள்ளும் தயக்கம். அங்கே பண்ணையார் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதிதான் 'நந்தனார் சரித்திர'த்தில் ஒரு வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரே ராத்திரியில் இறைவன் முடித்துவைக்கிறார்.

இதைப் பக்தியின் உச்சம் என்பார்கள். எனக்கு அது கூலிக்கணக்காகத்தான் தெரிகிறது. ஒரு நாள் நடைக்கு விலை 40 வேலி உழைப்பு! தடை ஆண்டவனிடம் இல்லை, நிலத்துக்காரரிடம் இருக்கிறது என்று காட்டியது பாரதியின் பெரிய பாய்ச்சல். ஆனால் அவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டு, அதை அற்புதத்தால் தீர்த்துவைத்தது அவருடைய சறுக்கல். கடைசியில் இருவருமே நந்தனைத் தீயில் இறக்கித்தான் கோயிலுக்குள் விடுகிறார்கள். வந்தியத்தேவன் எங்கெங்கோ போய்த் திரும்பி வருகிறான். நந்தனுக்கு ஆதனூர் திரும்பும் வழியை யாரும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் வாய்க்காலைத் தாண்டி மேற்கே திரும்பினேன். வீட்டுக்காரர் கூப்பிட்டார்: "அந்தப் பக்கம் வேணாம் தம்பி. காலனிதான். பாக்க ஒண்ணுமில்ல."

"சரிங்கண்ணே" என்று திரும்பிவிட்டேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, யாரிடமும் நான் லீவு கேட்க வேண்டியதுமில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். போகவில்லை.